விளக்கு எந்தக் கையில்

என் வயதுக்காரர்களே, முட்டிவலித் தைலத்தின் மணம் உங்கள் சட்டையிலும் வீசுமானால் இதைப் படியுங்கள். வீசாதவர்களும் படிக்கலாம். நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகக்கூடாது, அவ்வளவுதான்.

எங்கள் கைபேசிக் குழுவில் பதினெட்டுப் பேர் இருக்கிறோம். லாபிஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் மூக்கொழுகித் திரிந்த கூட்டம். தினமும் காலையில் பெரிய கிராணியின் மகன் அதில் ஒரு படத்துண்டு போடுவான். அவன் அப்பா தோட்டத்து அலுவலகத்தில் தலைமை எழுத்தர், அதாவது துரைக்கு அடுத்த தெய்வம். மகன் ஓய்வுபெற்ற வாத்தியார், ஆகவே இன்னும் பரீட்சை வைக்காமல் அவனுக்குக் காலைக்கடன் முடிவதில்லை. துண்டு பத்து வினாடி ஓடும். பழைய கறுப்பு வெள்ளைப் படம், சத்தத்தை எடுத்திருப்பான். ஒரு கதவு திறக்கும், ஒருத்தி திரும்பிப் பார்ப்பாள், முடிந்தது. என்ன படம் என்று முதலில் சொல்பவருக்குப் பூமாலைப் பொம்மை ஒன்று வரும்.

எனக்கு இதுவரை ஒரு மாலையும் வந்ததில்லை. செத்தால்தான் கிடைக்கும் போலிருக்கிறது.

"டேய் டிரைவர், அது அந்தப் படம் இல்ல லா! கண்ணாடியப் போட்டுப் பாரு," என்பான் ஒருவன்.

"கண்ணாடி போட்டுத்தான் பாக்குறான். மூளையத்தான் கழட்டி வெச்சிட்டான்," என்பாள் மூன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள்.

உண்மை என்னவென்றால், எனக்கு அந்தப் படங்கள் எல்லாம் தெரியும். இந்தப் பக்கம்தான் தெரியாது.

தோட்டத்தில் மாதம் ஒருமுறை படம் போடுவார்கள். படக்காரர் வேனில் வந்து, கோயில் திடலில் இரண்டு கம்பம் நட்டு, வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டுவார். துணிக்கு முன்னால் பிரம்பு நாற்காலிகளில் கிராணிமார் குடும்பம், அதற்குப் பின்னால் பாய் விரித்துப் பக்கத்து லயத்து வரிசை வீடுகளின் ஜனம். எங்கள் லயம் மேல் டிவிஷனில் இருந்தது. அங்கிருந்து வரும் ஒற்றையடிப் பாதை நேராகத் திரையின் முதுகில் வந்துதான் முட்டும். நாங்கள் வேலை முடித்து, குளித்து, நடந்து வந்து சேர்வதற்குள் முன்பக்கம் நிறைந்துவிடும். நாங்கள் முதுகுப் பக்கமே உட்கார்ந்துவிடுவோம். அங்கே புல் குளிர்ச்சியாக இருக்கும், காற்று வரும், முன்னால் ஒருவன் தலையும் மறைக்காது. துணியில் படம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பளிச்சென்று தெரியும் என்றே நம்பினோம்.

ஒரே மாதிரி இல்லை. எழுத்து திரும்பித் தெரியும். படத்தின் பெயர் ஓடும்போது 'ப' மட்டும் யோக்கியமாக நிற்கும், மற்றதெல்லாம் புரண்டு கிடக்கும். அதையும் படிக்கப் பழகிக்கொண்டோம். இன்றுகூட ஆம்புலன்சின் நெற்றியில் திருப்பி எழுதியிருப்பதை நான் வேனின் கண்ணாடியைப் பார்க்காமலே படிப்பேன். முப்பது வருட டிரைவர் வாழ்க்கையில் நான் காட்டிய ஒரே வித்தை அதுதான்.

எழுத்து திரும்பியது எல்லாருக்கும் தெரியும். ஆளும் திரும்பியிருப்பான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் கதாநாயகர்கள் எல்லாரும் இடது கையால் வாள் சுழற்றினார்கள். இடது கையால் தாலி கட்டினார்கள். நாங்கள் பையன்கள் மரக்குச்சியை இடது கையில் பிடித்து ஒருவர் மண்டையை ஒருவர் பிளந்தோம். கதாநாயகன்போல் சோறும் இடது கையால் தின்னப் போய் நான் அம்மாவிடம் அகப்பை அடி வாங்கினேன். வகிடு வலப்பக்கம் எடுத்தேன், இன்னும் மிச்சமிருக்கும் நாலு முடிக்கும் அங்கேதான் வகிடு. படத்தில் கார்கள் சாலையின் வலப்பக்கமாகப் போகும். ஆகையால் ஊரில் அப்படித்தான் ஓட்டுவார்கள் என்று முடிவு செய்திருந்தேன். ஐம்பது வயதில் முதன்முதலாகச் சென்னைக்குப் போய், அந்த அறிவோடு சாலையைக் கடந்தேன். ஆட்டோக்காரர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. தொழில்முறை டிரைவர் நான், தயவுசெய்து வெளியே சொல்லாதீர்கள்.

சிரித்தாயிற்றா? சரி. இனி என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என்னைவிட இரண்டு வயது மூத்தவள். படம் பார்ப்பதில் அவளைப்போல ஒருத்தியை நான் கண்டதில்லை. எந்தக் காட்சியில் யார் தலையில் என்ன பூ, தூணில் எத்தனை கீறல், அழும்போது எந்தக் கண்ணில் முதலில் நீர் வரும், எல்லாம் சொல்லுவாள். ஒருமுறை பார்த்தால் போதும். ஆனாலும் எங்கள் குழுவில் அவள் இல்லை. கூப்பிடும்போதெல்லாம் ஒரே பதில்தான்: "எனக்கு வேணாம்டா. எனக்குத் தப்புத் தப்பா ஞாபகம் இருக்கும்."

அப்படி அவளை நம்பவைத்தவன் யார் என்று எனக்குத் தெரியும். தினமும் சவரம் செய்யும்போது அவனைப் பார்க்கிறேன்.

அந்த வருடம் அக்கா ஆறாம் வகுப்பை முடித்துக்கொண்டிருந்தாள். ஜனவரியில் லாபிஸ் டவுன் இடைநிலைப் பள்ளியில் புகுமுக வகுப்புக்குப் போக வேண்டும். லயத்திலிருந்து டவுன் ஐந்து மைல், தோட்டத்துக்குள் பஸ் கிடையாது. "சைக்கிள் இருந்தா போவட்டும். இல்லாட்டி என்கூட மரத்துக்கு வரட்டும்," என்று அப்பா சொல்லிவிட்டார். பால்மரம் வெட்டும் குடும்பத்தில் சைக்கிள் எங்கிருந்து வரும்? துரையின் வேட்டைநாய்க்கு இருந்த வசதிகூட எங்களுக்கு இல்லை. நாயாவது லாரியில் போகும்.

அப்போதுதான் அறிவிப்பு வந்தது. தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு திடலில் விளையாட்டுப் போட்டிகள். அதில் பிள்ளைகளுக்கு ஒரு புதுப் போட்டி, படம் கண்டுபிடிப்பது. பெரிய கிராணியின் யோசனை அது. படக்காரர் அறுத்துப் போடும் பிலிம் துண்டுகளை அவர் ஒரு சிகரெட் டின்னில் சேர்த்து வைத்திருந்தார். பரிசு, சீனக் கடை முதலாளி தவுக்கே கொடுத்த சைக்கிள். பழையதுதான், ஆனால் கிளிப்பச்சைச் சாயம் புதிதாக அடித்திருந்தது. கடை வாசலில் அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். அக்கா உப்பு வாங்கப் போனால் வெறுங்கையோடு திரும்பி வருவாள்.

அந்த மாதம் வந்த படத்தில் ஒரு காட்சி தோட்டத்தையே அழவைத்தது. ஆற்றங்கரையில் மழை. வெள்ளத்தில் படகு ஓட்டிப் போன அண்ணனுக்கு வழி தெரிய, தங்கை ஒரு கையில் அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்து, இன்னொரு கையால் இடுப்பில் குழந்தையை அணைத்துக்கொண்டு ஓடுவாள். படகு வராது.

அந்தப் படத்தை மட்டும் நான் முதுகுப் பக்கத்திலிருந்து பார்க்கவில்லை.

கிராணி மகனிடம் என் சண்டை மீனைக் கொடுத்து ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தேன். அன்று அவன் அம்மாவுக்குக் காய்ச்சல், நாற்காலி காலி. அதில் நான் உட்காரலாம். எங்கள் வீட்டிலோ அப்பாவின் சட்டம் கடுமையானது: "முன்னால போயி அவங்க நாற்காலில உக்காந்தே, கால ஒடிச்சு அடுப்புல வெச்சிருவேன்." ஏனென்று அப்போது தெரியாது. அப்பா வாலிபத்தில் ஒருமுறை அப்படி உட்கார்ந்து, நாலு பேர் முன்னால் எழுப்பிவிடப்பட்டவர் என்று அவர் போன பிறகுதான் அம்மா சொன்னாள்.

இருட்டானதும் திரையைச் சுற்றிப் போய் மகாராஜாபோல் உட்கார்ந்தேன். அந்த மகாராஜாவுக்கு முதல் பத்து நிமிடம் தலை சுற்றியது. எல்லாம் எங்கோ மாறியிருந்தது, ஆனால் எது என்று பிடிபடவில்லை. படம் முடிந்ததும் கிராணி மகன் பெருந்தன்மையாக ஒரு பிலிம் துண்டும் கொடுத்தான். அதே விளக்குக் காட்சி. மறுநாள் அதைச் சூரியனுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். விளக்கு வலது கையில். துண்டைத் திருப்பினேன். விளக்கு இடது கைக்குப் போய்விட்டது. மறுபடி திருப்பினேன், மறுபடி வலது. அரை நாள் இதே வேலை. பத்து வயதில் நான் செய்த ஒரே விஞ்ஞானக் கண்டுபிடிப்பு அது. யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் கால் அடுப்பில்.

போட்டி நாள். காலணிப் பெட்டியில் ஓட்டை போட்டு, ஒரு பூதக்கண்ணாடி ஒட்டி, உள்ளே பிலிம் துண்டைச் செருகி வெயிலுக்கு நேராகப் பிடித்தார் பெரிய கிராணி. அவர் ஐந்து எண்ணும்வரை பார்க்கலாம், பிறகு படத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். நான் முதல் சுற்றிலேயே, கதாநாயகியைப் பார்த்துவிட்டு வில்லன் பெயரைச் சொல்லி வெளியே வந்தேன். ஒவ்வொருவராக உதிர்ந்து கடைசியில் அக்காவும் கிராணி மகனும் நின்றார்கள். டின்னில் துண்டுகளும் தீர்ந்துவிட்டன.

பெரிய கிராணி நியாயவான். யாழ்ப்பாணத்து ஆள். தன் மகன் நிற்கிறான் என்பதால் தானே கேள்வி கேட்கத் தயங்கினார். "நீங்களே ஒரு கேள்வி சொல்லுங்கோ," என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"வெளக்கு எந்தக் கையில? அதக் கேளுங்கையா!" என்று கத்தியது எங்கள் லயத்துப் பெண் ஒருத்திதான்.

இருவருக்கும் சிலேட்டு கொடுத்தார்கள். அக்கா யோசிக்கவே இல்லை. 'இடது' என்று எழுதினாள். கிராணி மகன் எழுதியது 'வலது'.

"வலது," என்றார் பெரிய கிராணி. "பாவம் பிள்ளை. நல்லாத்தான் சொல்லிக்கொண்டு வந்தது."

"ஐயா, எடதுதான்!" என்றார் அப்பா. அப்பா கூட்டத்தில் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"எடதுதான்! நாங்க எல்லாம் பாத்தோம்!" என்று மேல் டிவிஷனே எழுந்தது.

"அலமாக்! ஒட்டுமொத்தமாப் பொய் சொல்றாங்கப்பா!" என்று முன்பக்கத்துப் பாய்கள் எழுந்தன.

அரைத் தோட்டம் இடது, அரைத் தோட்டம் வலது. கோயில் பூசாரி மணியடித்துப் பார்த்தார். ஒருவரும் அடங்கவில்லை. பெரிய கிராணி கையை உயர்த்தினார்.

"கொஞ்சம் பொறுங்கோ. விளக்கை ஒரு பொம்பிளை இடக்கையாலே தூக்குவாளோ? பிள்ளையை எந்த இடுப்பிலே வைப்பாள்? நீங்களே சொல்லுங்கோ."

அப்போது என் அம்மா குனிந்து தன் இடுப்பைப் பார்த்தாள். கடைசித் தம்பி அவள் இடது இடுப்பில் இருந்தான். வலது கை சும்மா தொங்கியது. பக்கத்தில் நின்ற பெண்களும் குனிந்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் இடது இடுப்பில்.

அக்கா அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா நிமிரவில்லை. அக்கா சிலேட்டைப் பாவாடையில் தேய்த்து அழித்தாள்.

நான் மூன்று அடி தள்ளி நின்றேன். என் கால்சட்டைப் பையில் அந்தப் பிலிம் துண்டு இருந்தது. எடுத்து, வெயிலில் பிடித்து, ஒருமுறை திருப்பிக் காட்டியிருந்தால் போதும். இரண்டு பேரும் சரி. ஆனால் "உனக்கு எப்படிடா தெரியும்?" என்று அப்பா கேட்பார். என் இரண்டு கால்களையும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் வாயை மூடியிருந்த ஒரே சந்தர்ப்பம், அதுவும் தவறான சந்தர்ப்பம்.

மறுநாள் மாலை பெரிய கிராணி சைக்கிளை மகனிடம் கொடுத்து எங்கள் லயத்துக்கு அனுப்பினார். "அக்கா பள்ளிக்கூடம் போகட்டுமாம். அப்பா சொன்னவர்," என்றான் அவன். அப்பா வாசலில் பால் வெட்டும் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நிமிராமல் சொன்னார்:

"எம் மக சொன்னது சரின்னு ஐயா வந்து ஒரு வார்த்த சொல்லட்டும் தம்பி, வாங்கிக்கிறேன். தப்புன்னுட்டு சைக்கிளக் குடுத்தா, அதுக்குப் பேரு பிச்சை."

கதவுக்குப் பின்னால் அக்கா நின்றாள், அவளுக்குப் பின்னால் நான். சைக்கிள் சங்கிலி கடகடவென்று பாதை வளைவில் மறையும்வரை கேட்டது. அப்பாவைக் கல்நெஞ்சன் என்று பல வருடம் திட்டியிருக்கிறேன். அவர் கேட்டது ஒரு வார்த்தைதான். அந்த வார்த்தையோ என் பையில் இருந்தது.

ஜனவரியில் அக்கா அப்பாவோடு மரத்துக்குப் போனாள். முதல் நாள் நானும் உதவிக்குப் போனேன். யாரும் பார்க்காதபோது அந்தத் துண்டைப் பால் வாளிக்குள் போட்டு, குச்சியால் அமுக்கிவிட்டேன். ஏதோ ஒரு தேசத்தில் ஏதோ ஒரு டயருக்குள் அந்தத் தங்கை இன்னும் விளக்கோடு ஓடிக்கொண்டிருப்பாள்.

போன மாதம் ஒரு காலை. கிராணி மகன் போட்ட துண்டில் மழை, ஆறு, விளக்கு. குழுவில் ஆளாளுக்குப் படத்தின் பெயரைப் போட்டார்கள், மாலை பறந்தது. நான் பதில் போடவில்லை. "டிரைவருக்கு என்ன, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள். கைபேசியில் படத்தைக் கண்ணாடிபோல் திருப்ப ஒரு பொத்தான் இருக்கிறது என்று என் மகள் எப்போதோ காட்டியிருந்தாள். அதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு செடெனாக்கிலிருந்து உலு திராமுக்கு வண்டியை எடுத்தேன்.

அக்கா தன் மகன் வீட்டு வாசலில் உட்கார்ந்து நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். தோட்டம், பிறகு தொழிற்சாலை, பிறகு பேரப்பிள்ளைகள் என்று ஓய்ந்த கை.

"என்னடா திடீர்னு? போன் பண்ணிட்டு வந்தா மீனாச்சும் வாங்கியிருப்பேன்ல?"

"ஒரு படத்துண்டு காட்டணும்கா."

"வேணாம். அந்தக் காலத்துப் படம்னா டிவியில வந்தாலே நான் மாத்திருவேன். எனக்குத் தப்புத் தப்பா…"

திருப்பிய துண்டை ஓடவிட்டு முகத்துக்கு நேராகப் பிடித்தேன். அவள் கை நின்றது.

"இடது கை," என்றாள். "நான் சொன்னேன்ல? இடது கைதானே?"

"ஆமாக்கா." அடுத்து அசல் துண்டைப் போட்டேன்.

"இதென்னடா? வலது கைக்கு மாத்தி வெச்சிருக்கே?"

"மாத்தினது, நீ மொதல்ல பாத்தது. இதுதான் முன்னால இருந்தவங்க பாத்தது. மொதல்ல காட்டினது நாம பாத்தது. துணிக்குப் பின்னால."

இரண்டையும் நாலு முறை போடச் சொன்னாள். கைபேசியை வாங்கித் திருப்பி, அதன் முதுகையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இது ஒனக்கு எப்பத் தெரியும்?"

வழக்கமாக இந்த இடத்தில் எனக்கு ஒரு ஜோக் வரும். வரவில்லை.

"அன்னிக்கு நான் முன்னால உக்காந்திருந்தேன்கா. நாற்காலியில."

"அது தெரியும்."

"தெரியுமா?"

"படம் விட்டு வரும்போது ஜாமான்பத்தி வெளக்க நாந்தானே புடிச்சிட்டு ஒன் பின்னால நடந்தேன்? அரைக்கால் சட்டை. தொடை பூரா பிரம்புக் கட்டம் பதிஞ்சிருந்துச்சு. புல்லுல உக்காந்தவனுக்குக் கட்டம் எங்கிருந்து வரும்? அப்பா பாத்துருவாருன்னு நாந்தான் வெளக்க வேற பக்கம் திருப்பிக்கிட்டேன்." அவள் நெத்திலித் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீ உக்காந்தது எனக்குத் தெரியும்டா. நீ பாத்தது என்னன்னு தெரியாது."

"பயந்துட்டேன்கா."

அவள் இன்னும் நாலைந்து தலைகளைக் கிள்ளினாள்.

"ஐம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. வீட்டுல சாவி காணோம்னாகூட, நாந்தான் எங்கயாச்சும் வெச்சிருப்பேன்னு ஒத்துக்குவேன். எதையும் அடிச்சுப் பேச மாட்டேன். பள்ளிக்கூடம் போகட்டும்டா. எல்லாரும் பொய்யுன்னாங்க, அதுவும் போகட்டும். அம்மாவே நம்பல. அதான்."

உள்ளே போனாள். குழாய்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"கிராணி மகன் இருக்கானா உங்க குரூப்புல? எதுல பேசணும், காட்டு."

பொத்தானை அழுத்திக் கொடுத்தேன். அவள் சிலேட்டில் எழுதியதுபோல, யோசிக்காமல் சொன்னாள்: "இடது கை. நாங்க பின்னால உக்காந்திருந்தோம். எங்களுக்கு இடது கை." கூடவே திருப்பிய துண்டையும் அனுப்பச் சொன்னாள்.

மற்ற பதினேழு பேரும் பார்த்துவிட்டதாகக் காட்டியது. கொஞ்ச நேரம் கழித்து என் கைபேசி அடித்தது. கிராணி மகன்.

"ஐசே, அக்காவிட்டக் குடும் போனை."

ஒலிபெருக்கியில் போட்டேன்.

"அக்கா, ரெண்டு துண்டையும் பக்கத்திலே வைச்சுப் பார்த்தனான். நீங்கள் எழுதினது சரி. அப்பா இருந்திருந்தா தானே உங்கட வீட்டுக்கு வந்து சொல்லியிருப்பார். அவருக்குப் பதிலா நான் சொல்லுறன். அந்தச் சைக்கிளை அப்பா என்னை ஓட விடவே இல்லை. 'அது உன்னுடையது இல்லை' எண்டு சொல்லித் தாழ்வாரத்திலே சாத்தி வைச்சவர். கடைசிவரை அங்கேதான் நிண்டது."

அக்கா கைபேசிப் பக்கம் குனிந்தாள். பிறகு, "காத்தாவது அடிச்சு வெச்சாங்களா?" என்று கேட்டாள்.

"இல்லையக்கா."

"பரவால்ல. இப்ப குடுத்தாலும் எம் முட்டி மிதிக்காது." சிரித்துவிட்டாள். "நாளைக்குக் காலையில என்ன படம் போடப் போறே? கஷ்டமாப் போடு."

பேச்சு முடிந்தது. ஒளி அணையாத கைபேசியை வலது கையில் பிடித்தபடி, அவள் எட்டி என் உச்சந்தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். என் வகிடு இருக்கும் இடத்திலேயே விழுந்தது. நெத்திலி மணம் இரண்டு நாள் போகவில்லை.

எந்தக் கையால் என்று யாராவது கேட்டால், இந்த முறை சாட்சி நான்தான். நேர் எதிரே உட்கார்ந்து பார்த்தேன். இடது கை.